வரம்பின் மேல் முழங்காலளவு தண்ணீர்

நடந்தது, வரிசைப்படி:

1. ஏப்ரலில் அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் ஆபரேஷன் செய்தார்கள்.
2. ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது.
3. எட்டு மாதம் கழிந்தும் அப்பா யார் கையையாவது பிடிக்காமல் வீட்டுப் படி இறங்கவில்லை.
4. டிசம்பரில் மூன்று பேருமாக லட்சத்தீவு போகலாம் என்று நான் சொன்னேன். அம்மா வேண்டாம் என்றாள்.
5. அதற்குப் பதிலாக வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு சின்னக் காயல் தீவில் இரண்டு இரவு தங்கினோம்.
6. அங்கே பார்க்கவும் செய்யவும் பதினேழு காரியங்களை நான் பட்டியல் போட்டிருந்தேன்.
7. பதினொன்றாவது காரியத்தில் ஒரு தப்பு செய்தேன்.
8. அந்தத் தப்பால் அப்பா தண்ணீருக்குள் இறங்க வேண்டி வந்தது.

ஆபீஸில் ஏதாவது கோளாறு நடந்தால் முதலில் இப்படித்தான் எழுதுவோம். காரணம் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு. காக்கநாட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்து வைத்தது எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்ப்பது என் வேலை. வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறேன் என்று அம்மா சொல்வாள்.

வீடு மட்டாஞ்சேரியில், பஜார் தெருவுக்குப் பின்னால். அப்பா அந்தத் தெருவிலேயே ஒரு மிளகுக் கிடங்கில் முப்பது வருடமாகத் தரம் பார்ப்பவர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார், உள்ளங்கையில் உருட்டுவார், ஒரு மணியைக் கடிப்பார், ஈரம் எவ்வளவு என்று சொல்வார். ஈரம் பார்க்க மீட்டர் வந்து பல வருடமாகிறது. முதலாளி மீட்டரைப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். முதலாளி குஜராத்திக்காரர், எங்கள் வீட்டில் அவரைச் சேட்டு என்போம். மூட்டைகள் மேல்மாடியிலும் உண்டு. மரப்படி இருபத்திரண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவிடம் மூன்று பழக்கங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. ஒன்று, நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைப் பிடிப்பது. இரண்டாவது, தலையணை. இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு சின்னச் சிவப்புத் தலையணை கொடுத்திருந்தார்கள். ஆறு வாரம் போதும் என்றார்கள். எட்டாவது மாதத்தில் அம்மா அதற்கு மூன்றாவது உறை தைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது, தாழ்ப்பாள். குளியலறைக்குள் போனால் அப்பா தாழ்ப்பாள் போடமாட்டார். கதவு ஒரு விரலளவு திறந்திருக்கும், வெளியே அம்மா நிற்பாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அரை நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டார். இதயம் நன்றாக இருக்கிறது, நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்குப் போகலாம், பயம்தான் மிச்சம், அதற்குத் தன்னிடம் மாத்திரை இல்லை என்றார். அப்பா தலையாட்டிவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் சேட்டு போன் செய்தார். சத்தம் கூட்டி வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. மலையாளத்தில், ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். புது ஆளை வைக்கத் தனக்கு இஷ்டமில்லை, ஆனால் ஜனவரியில் புது மிளகு வர ஆரம்பித்துவிடும், பொங்கலுக்குள் வருவேன் வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். "பார்க்கலாம் சேட்டு" என்று அப்பா போனை வைத்தார். அன்று இரவு இரண்டு தோசைக்கு மேல் சாப்பிடவில்லை.

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. என் சம்பளத்தில் வீடு ஓடும், பிரச்சினை அதுவல்ல. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அப்பாவிடம் என்ன பேசுவதென்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியவில்லை. கிடங்கு நானூறு அடி தூரத்தில் இருந்தது. பொங்கலுக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் அவர் தனியாக நடக்க வேண்டும். இதுதான் நான் எடுத்துக்கொண்ட காரியம்.

இடம் மாறினால் பழக்கம் மாறும் என்று நினைத்துத்தான் லட்சத்தீவு என்றேன். அனுமதிக்கான படிவத்தைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"கப்பல்ல வச்சு நெஞ்சடைச்சா யாரு பாக்கறது? கடல் மீனா?" என்றாள் அம்மா.

"போலாம்னு டாக்டரே சொல்லிட்டாரும்மா."

"டாக்டர் கூட வராரா?"

அத்தோடு லட்சத்தீவு முடிந்தது. அம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டாள். வரைபடத்தில் ஆஸ்பத்திரியை நடுவில் வைத்துச் சுற்றிலும் தேடினேன். தெற்கே, காயலுக்குள், வரம்பு கட்டி இறால் வளர்க்கிற கெட்டுகளுக்கு நடுவே அந்தத் தீவு இருந்தது. முப்பது வீடுகள் இருக்கும். அதில் ஒரு வீட்டின் பின்புறம் மூன்று அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறார்கள். இறால் வளர்க்கும் ஒரு சேட்டனும் அவர் மனைவியும்.

அம்மா படத்தைப் பார்த்தாள். "இதுக்கு எதுக்குடீ தீவு? நம்ம தெரு முக்குல நின்னாலும் காயல்தானே?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பதினேழு காரியங்களையும் எழுதினேன். வள்ளத்தில் சுற்றுவது, சீனவலை இழுப்பதைப் பார்ப்பது, கயிறு திரிக்கிற இடம், ஊஞ்சல் வலையில் படுப்பது, கெட்டில் இறால் எடுப்பதைப் பார்ப்பது என்று போகும். பிரிட்ஜில் ஒட்டவேண்டும், அப்பாவும் படிக்கவேண்டும் என்று அம்மா சொன்னதால் தமிழில் எழுதினேன். நான் பள்ளியில் படித்தது மலையாளம், அதில் என்றால் பத்து நிமிட வேலை. தமிழில் ஒரு சாயங்காலம் பிடித்தது. ஆபீஸ் வழக்கப்படி கட்டங்கள் போட்டேன்: காரியம், நேரம், முன்கூட்டியே வேண்டியது, எதிர்பார்ப்பது, நடந்தது. கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தேன்: அப்பாவின் கையைப் பிடிப்பது யார்.

பதினொன்றாவது காரியம், திட்டுக்கு நடந்து போவது. தீவிலிருந்து கொஞ்ச தூரத்தில் காயலுக்கு நடுவே ஒரு மண் திட்டு இருக்கிறது. கெட்டுக்காகப் போட்டு, பிறகு கைவிடப்பட்ட ஒரு பழைய வரம்பு அதற்குப் போகிறது. இரண்டடி அகலம். காயலில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது வரம்பு வெளியே தெரியும், ஏறினால் மூழ்கிவிடும். ஏற்ற இறக்க நேரங்களை ஓர் இணையதளத்தில் எடுத்து, நம்மூர் நேரத்துக்கு மாற்றி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் மிகக் குறைவு என்று வந்தது. ஒன்பதரைக்குக் கிளம்பி, பன்னிரண்டரைக்குத் திரும்புவது என்று போட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை கிளம்பினோம். சுள்ளிக்கல் தாண்டி, தோப்பும்படி தாண்டி, அங்கிருந்து தெற்கே. அப்பா முன்சீட்டில், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே தலையணை. படகு ஏறும் கடவில் வள்ளம் காத்திருந்தது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அப்பாவை ஏற்றி உட்கார வைத்தோம். துடுப்புக்காரர் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேட்டன் உறங்கான் வந்நதாணோ?" என்று கேட்டார். தூங்குவதற்காகவா வந்திருக்கிறீர்கள் என்று.

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. தலையணையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரச் சேச்சிக்கு அம்மா வயது இருக்கும். அறைக்குள் கட்டில் கால்கள் நாலும் செங்கல் மேல் நின்றன. எதற்கென்று கேட்டதும், சுவரில் கணுக்கால் உயரத்துக்கு ஓடிய ஒரு கறையைக் காட்டினார். இந்த மாதத்திலும் அடுத்த மாதத்திலும் தண்ணீர் மற்ற நாட்களைவிட அதிகமாக ஏறுமாம், பௌர்ணமியை ஒட்டி வாசல் தாண்டி உள்ளேயே வந்துவிடுமாம். அவர் அதைச் சொன்ன விதத்தில் புகார் எதுவும் இல்லை. நான் அதைக் கேட்டுக்கொண்டேன், பட்டியலில் எதையும் மாற்றவில்லை.

முதல் நாள் ஐந்து காரியங்கள் நடந்தன. வள்ளத்தில் அரை மணி நேரம் சுற்றினோம், அப்பாவின் இடது கையை நான் பிடித்திருந்தேன். சீனவலையை நாலு பேர் இழுப்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். வலைக்குள் ஒரு கை மீன்கூடத் தேறவில்லை. கயிறு திரிக்கிற இடத்தில் அம்மா கையைக் கொடுத்துப் பார்த்து, உள்ளங்கை சிவந்து திரும்பினாள். ஊஞ்சல் வலையில் ஏறிப் படுத்தவளுக்கு இறங்கத் தெரியவில்லை. "நான் இங்கயே கிடந்துடறேன், நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்கோ" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கத்தினாள்.

நான் அவளை இறக்கிவிட்டு வந்தபோது அப்பா பட்டியலைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன கடைசிக் கட்டம்?"

"உங்க கையை யாரு பிடிக்கறதுன்னுப்பா. நேரத்துல குழப்பம் வரக் கூடாதில்ல."

விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். "நீ, அம்மா, நீ, அம்மா, ரெண்டு பேரும், நீ. பதினேழாவது என்னது?"

"ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கறது. முப்பது நிமிஷம்."

"அதுக்கும் அம்மா பிடிக்கணுமா?"

"கட்டம் காலியா இருக்க வேண்டாம்னு போட்டேன்."

அப்பா காகிதத்தை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். வேடிக்கையாகக் கேட்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை இட்லிக்குப் பிறகு அப்பாவுக்கு எட்டு மணி மாத்திரைகளைக் கொடுத்தேன். நாலு மாத்திரை, அதில் ஒன்று உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றுவதற்கு. ஒன்பதரைக்கு மூன்று பேரும் வரம்பின் முனையில் நின்றோம். சேட்டன் இறால் கூடையோடு விடியற்காலையிலேயே படகில் கரைக்குப் போயிருந்தார். சேச்சி குடையை எடுத்துக்கொண்டு ஞாயிறு பூசைக்குச் சர்ச்சுக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"இப்போ போகண்டாங்கறாடீ. தண்ணி ஏறற நேரமாம்."

நான் பட்டியலைக் காட்டினேன். "பன்னெண்டு மணிக்குத்தான் ரொம்பக் குறையும். இப்ப இறங்கிட்டு இருக்கும்மா."

"அவ இங்கயே பொறந்து வளர்ந்தவ."

"அவங்க மனக்கணக்குல சொல்றாங்க. இது டேட்டா."

"உன் டேட்டா எந்தக் கரைல பொறந்தது?"

வரம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல்மண் காய்ந்திருந்தது. அந்த ஈரமில்லாத மண்ணை நான் நின்று யோசித்திருக்க வேண்டும். தண்ணீர் இப்போதுதான் இறங்குகிறதென்றால் மண் சொதசொதவென்று இருந்திருக்கும். மற்றவர்கள் செய்ததைத் தட்டிப் பார்க்கிற நான், நான் எழுதியதைத் தட்டிப் பார்க்கவில்லை. முன்னால் நான், நடுவில் அப்பா, பின்னால் அம்மா என்று போனோம். அப்பாவின் வலது கை என் தோளில், இடது கையில் தலையணை. வரம்பின் இரண்டு ஓரத்திலும் மூங்கில் குச்சிகள் நட்டிருந்தார்கள். எண்ணிக்கொண்டே போனேன், இருநூற்றுப் பத்துக் காலடி.

திட்டு நன்றாகத்தான் இருந்தது. மூன்று தென்னை, கொஞ்சம் புல், ஒரு பாய் விரிக்கிற அளவு நிழல். நீர்க்காகங்கள் குச்சிகளின் மேல் நின்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் ஒரு குடும்பம் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மா பாயும் எலுமிச்சை சாதமும் எடுத்து வந்திருந்தாள். மசாலா விலை, பறவை, எதிர்க்கரைக்காரரின் தொப்பி என்று அப்பா வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார். நான் எதிர்பார்ப்பது என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'சரி' என்று குறித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு குறைந்தது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்பத் திரும்பறோம்?"

"பன்னெண்டரைக்குப்பா. பன்னெண்டுக்குத்தான் நல்லா வத்தும்."

"ம்."

பத்து நிமிடத்தில் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

பதினொன்றேகால் இருக்கும், அம்மா கேட்டாள்: "என் செருப்பு எங்க போகுது?"

கரையோரமாகக் கழற்றி வைத்திருந்த அவள் செருப்புகள், ஒன்றன் பின் ஒன்றாக, நிதானமாகக் காயலுக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் ஓடி ஒன்றைப் பிடித்தேன். அப்போதுதான் வரம்பைப் பார்த்தேன். வரம்பு இல்லை. இரண்டு வரிசை மூங்கில் குச்சிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றன.

சேட்டனுக்குப் போன் செய்தேன். இந்த நேரத்தில் யார் உங்களைப் போகச் சொன்னது என்றார். இப்போதைக்கு வரம்பின் மேல் முழங்கால் அளவுதான் இருக்கும், அடியில் வெட்டுக்கல், வழுக்காது, குச்சிகளுக்கு நடுவிலேயே நடந்தால் வந்துவிடலாம், இல்லாவிட்டால் உட்கார்ந்திருங்கள், நான் வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்.

"உக்காந்திருப்போம்" என்றேன்.

"இப்பவே போயிடலாம், இன்னும் ஏறிடும்" என்றாள் அம்மா.

"ஏறட்டும்மா, சேட்டன் படகு கொண்டு வருவாரு. அப்பாவை இந்தத் தண்ணில நடத்தறது ரிஸ்க்."

"மத்தியான மாத்திரை ரூம்ல இருக்குது."

"ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆகாது. டாக்டரே சொல்லியிருக்காரு."

"டாக்டரே சொன்னாரு, டேட்டாவே சொன்னிச்சு. உன் காகிதத்துல வத்திடுச்சு, என் புடவைல ஏறிடுச்சு!"

"நான் எங்க தப்புன்னு பாத்துச் சொல்றேன், ஒரு நிமிஷம் சும்மா இரேன்."

"நீ பாரு. நல்லாப் பாரு. அதுக்குள்ள உங்கப்பா..."

அம்மா நிறுத்திவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். பாயில் அப்பா இல்லை.

குச்சிகளுக்கு நடுவே, இருபது காலடி தள்ளி, அப்பா தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். தலையணையைத் தலையில் வைத்து, கிடங்கில் மூட்டை தூக்குபவர்கள் செய்வதைப்போல ஒரு கையால் பிடித்திருந்தார். மற்றக் கை காற்றில் தனியாக இருந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் திரும்பிப் பார்ப்பார், திரும்பினால் விழுவார் என்று தோன்றியது. தண்ணீரில் இறங்கி வேகமாகப் போனேன். அது என் முழங்காலைத் தொட்டது. அடியில் கல் கெட்டியாக இருந்தது. கையெட்டும் தூரம் வந்ததும் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"விடு" என்றார், திரும்பாமலே. "பிடிச்சா ரெண்டு பேரும் விழுவோம். பின்னால வா."

"அப்பா, மெதுவா..."

"மெதுவாப் போற நிலைல இல்ல நான்."

விட்டேன். எட்டு மாதத்தில் அவர் கையை நானாக விட்டது அதுதான் முதல் தடவை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒவ்வோர் அடியும் வைப்பதற்கு முன் காலால் கல்லைத் தடவிப் பார்த்து, பிறகு பாரத்தை இறக்கினார். மூட்டைக்குள் கை விட்டுப் பார்க்கும்போது வருகிற அதே கவனம். பின்னால் அம்மா பையையும் பாயையும் ஒற்றைச் செருப்பையும் சுமந்துகொண்டு, என்னையும் என் ஆபீஸையும் காக்கநாட்டையும் மொத்தமாகத் திட்டிக்கொண்டே வந்தாள். எண்ணுவதற்கு எனக்குத் தோன்றவில்லை, அதனால் திரும்பும்போது எத்தனை காலடி என்று தெரியாது.

கரையில் சேச்சி சர்ச்சிலிருந்து திரும்பி, குடையோடு நின்றிருந்தார். "ஞான் பறஞ்ஞதல்லே?" என்றார் அம்மாவிடம். நான்தான் சொன்னேனே என்று. அப்பா அவரைத் தாண்டி, எங்களுக்காக நிற்காமல், ஈர வேட்டியோடு நேராக அறைக்குள் போனார். தலையணை முற்றத்தில் கிடந்தது. நானும் அம்மாவும் ஓடினோம்.

குளியலறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அம்மா கதவுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டாள். "தாழ்ப்பாள் போட்டுட்டாரு" என்றாள் என்னிடம், தாழ்ந்த குரலில், வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதைப்போல. பிறகு வழக்கப்படி கேட்க வாயைத் திறந்தாள், கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, ஈரப் புடவையைப் பிழிந்தாள்.

மத்தியானம் சேச்சி கரிமீன் பொரித்து வைத்தார். அப்பா இரண்டாவது மீனை எடுக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"காலைல நீர் மாத்திரை கொடுத்துட்டு, ரெண்டு மணி நேரம் ஒரு மண்மேட்டுல உக்கார வச்சா பின்னே என்ன செய்யறது? நாலு பக்கமும் தண்ணி. இந்தப் பக்கம் நீங்க ரெண்டு பேரு. அந்தப் பக்கம் தொப்பி போட்டுட்டு ஒருத்தன் குடும்பத்தோட என்னையே பாத்துட்டு இருக்கான்."

"சொல்லிருக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

"சொன்னா நீ அங்கயும் வந்து நின்னு 'இருக்கீங்களா'ன்னு கேப்பே."

அம்மா முதலில் கோபப்படப் பார்த்தாள், பிறகு புரையேறும்வரை சிரித்தாள். அப்பாவே எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

நான் அந்த இணையதளத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். எங்கள் ஆபீஸில் எல்லா இயந்திரங்களும் கிரீன்விச் நேரத்தில்தான் பதிவு எழுதும். எந்த நேரத்தைப் பார்த்தாலும் ஐந்தரை மணி கூட்டிக்கொள்வது எங்களுக்குக் கைப்பழக்கம். அந்தத் தளம் கொடுத்திருந்தது ஏற்கெனவே இந்திய நேரம். பக்கத்தின் அடியில் எழுதியும் இருந்தது. நான் அதன் மேலும் ஐந்தரை மணி கூட்டியிருந்தேன். காலை ஆறரைக்கே தண்ணீர் மிகக் குறைந்து, நாங்கள் கிளம்பும்போது மூன்று மணி நேரமாக ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் போய் இதைச் சொன்னேன்.

"எவ்வளவு தப்பு?"

"அஞ்சரை மணி நேரம்."

"முழு அஞ்சரையா? மிளகுல நான் நூத்துல ஒரு பங்கு ஈரம் தப்பாச் சொன்னாலே சேட்டு கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாப்பாரு." என் போனை வாங்கி ஒரு தடவை பார்த்தார். "உங்க ஆபீஸ்ல சேட்டு கிடையாதா?"

"இருக்காங்கப்பா. அவங்களும் கூட்டித்தான் பாப்பாங்க."

சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு, கடவு வரை போய் ஒரு சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்றார். அம்மா எழுந்தாள். "நீ உக்காரு" என்றார். அம்மா உட்கார்ந்தாள். அவர் வாசலைத் தாண்டியதும் மறுபடியும் எழுந்து செம்பருத்தி வேலிக்குப் பின்னால் போய் நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் வழியில் இரண்டு தடவை நின்றார். ஒரு தடவை மூச்சு வாங்க என்று நினைத்தோம். இன்னொரு தடவை ஒரு வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றைக் குனிந்து எடுத்து மோந்து பார்த்தார். நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தார். சட்டையில் பழம்பொரித் துகள் இருந்தது. எண்ணெய்ப் பலகாரம் அவருக்குக் கூடாது. நாங்கள் பார்க்காததுபோல இருந்துவிட்டோம்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அன்று இரவே குளியலறைக் கதவு மறுபடியும் ஒரு விரலளவு திறந்திருந்தது. மறுநாள் வள்ளத்தில் ஏறும்போது என் கையைக் கேட்டார், கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் முதல் வாரம் படியில் நின்று யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். ஆனால் பார்த்துவிட்டு, யாரும் வராவிட்டால், இறங்கினார். பட்டியலில் கடைசிக் கட்டத்தை நான் கத்தரித்து எடுத்துவிட்டு, மீதியைக் கோப்பில் வைத்தேன். மொத்தம் ஆறு காரியங்கள் முடிந்தன. பதினொன்று பாக்கி.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், ஒரு காலை, அப்பா குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு எங்களிடம் சொல்லாமல் கிளம்பிப் போனார். பத்து நிமிடத்தில் சேட்டு அம்மாவுக்குப் போன் செய்தார்.

"ஆளு இவிடெ வந்நு" என்றார். "இப்போ ஒரு சாக்கு துறந்நு." ஆள் வந்துவிட்டார், ஒரு மூட்டையும் பிரித்துவிட்டார் என்று.

இப்போது நிலைமை இது: அப்பா வாரத்தில் நாலு நாள், காலை பத்திலிருந்து இரண்டு வரை கிடங்குக்குப் போகிறார். போகும்போது தனியாக நடக்கிறார். திரும்பும்போது வெயிலாக இருந்தால் ஆட்டோ. மேல்மாடிக்கு இன்னும் ஏறவில்லை, மேலிருந்து மாதிரிகளைக் கீழே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வீட்டுக் குளியலறையில் பகலில் தாழ்ப்பாள் போடுகிறார், இரவில் போடுவதில்லை. அடுத்த பரிசோதனை மார்ச்சில். லட்சத்தீவுப் படிவத்தை அம்மா ஒரு தடவை வாங்கிப் பார்த்தாள், எத்தனை மணி நேரம் கப்பல் என்று கேட்டாள், இன்னும் பதில் சொல்லவில்லை.